காலிதான்

புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில்
பழைய மிக்ஸிகளுக்கும் ஒற்றைக்கால் ஷூக்களுக்கும் நடுவே
வெயிலில் கிடந்தது அது.
இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம்.
அறுநூறு என்றான்.
ஒழுகுமா என்றேன்.
ஒழுகாததை எதுக்கு சார் விக்கப்போறாங்க.
அந்த நேர்மைக்கு நூறு குறைக்க மனம் வரவில்லை.
ஐம்பது குறைத்தேன்.

கடலூர் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டேன்.
அரை டிக்கெட் போட்டார் நடத்துநர்.
முள்ளோடையில் ஏறிய காவலர்
போர்வையை விலக்கி டார்ச் அடித்தார்.
குவார்ட்டர் பாட்டிலுக்குப் பதில்
அவர் முகமே நான்கு பக்கமும் தெரிந்தது.
காலியா?
காலிதான் சார்.
நம்பாமல் இறங்கிப் போனார்.

மஞ்சக்குப்பத்தில் மாடிவீடு எங்களுடையது.
வீட்டுக்காரர் கலியபெருமாள் நில அளவையில் இருந்தவர்,
மனக்கணக்காகவே சொன்னார்:
ஐம்பத்தாறு லிட்டர், கல்லு, கண்ணாடி,
எழுபது கிலோவுக்கு மேல வரும்.
ஒப்பந்தத்துல ரெண்டு பேர்னுதானே போட்டிருக்கு?
பிறகு தரையைக் குதிகாலால் மூன்று முறை தட்டி
உத்திரம் ஓடும் சுவரைக் காட்டிவிட்டு இறங்கினார்.

வினிகரில் நனைத்த பழைய பனியன்.
மேல்விளிம்பை ஒட்டி
யார் வீட்டுத் தண்ணீரோ விட்டுப்போன உப்புக்கோடு.
அரைச் சாண் கீழே இன்னொன்று.
கடைசி நாட்களில்
ஊற்றுவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

பிளேடால் சிலிக்கனை உரித்தபோது
மூலையில் ஒட்டியிருந்தது ஒரு செதில்.
பின்கண்ணாடியின் வெளிப்புறம் நோட்டுப்புத்தக லேபிள்.
பெயர்: மினி, அப்புறம் அழிந்துபோன ஒன்று, போலீஸ்.
வகுப்பு: தண்ணி.
இதை மட்டும் சுரண்டாதே என்றாள் அமலா.

குளியலறையில் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்தோம்.
காலையில் இடது மூலையில்
வரி விளம்பரங்கள் மட்டும் நனைந்திருந்தன.
வாடகைக்கு, சிறு குடும்பம், சைவம்.
மறுபடி பிளேடு,
மறுபடி நூற்றெண்பது ரூபாய்.
மூன்றாம் முறை
தாள் தாளாகவே இருந்தது.

எதிர்மனையில் கேட்டு வாங்கிய கூழாங்கல்லைச்
சோற்றுப் பானையில் கொதிக்கவிட்டேன்.
வெந்துச்சா என்று எட்டிப் பார்த்தாள்.

ஓ.டி.யில் மீன் விற்பவர் நிஜாமுதீன்,
குழம்பு மீன் அல்ல.
நம்ம போர்த் தண்ணிக்கு மோலிதான் நிக்கும்,
ஆனா இப்ப தரமாட்டேன்.
தண்ணி முதல்ல பழகணும்,
தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க.
மீனே இல்லையே?
போடுங்க.
ஒரு பழைய பஞ்சு ஃபில்டரையும் நாலு செடியையும்
இருநூறுக்குள் முடித்துக் கொடுத்தார்.

ஐந்து வாரம்
வேலைக்குக் கிளம்பும் முன்
இல்லாத மீனுக்குச் சோறு போட்டேன்.
அது கல்லிடுக்கில் பஞ்சாய்ப் பூத்தது, நாறியது,
ஒருநாள் நாறாமல் போனது.
மாலைகளில் கலியபெருமாள் ரசமட்டத்தோடு வருவார்,
குமிழி உடைவதையே பார்த்திருப்பார்.
இன்னும் காலிதானா?
காலிதான்.

நான்காம் வாரம் அவர்தான் கண்டுபிடித்தார்.
கண்ணாடியில் மிளகளவு ஒரு நத்தை,
செடியோடு ஒளிந்து வந்தது,
சந்தை முத்திரையோ டிக்கெட்டோ இல்லாமல்
அளவெடுப்பது போல மெல்ல நகர்ந்தது.
அப்ப மூணு பேர் என்றார்.
வாடகையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மோலி நான்கு, எண்பது ரூபாய்.
வால் கிழிந்த கறுப்பு ஒன்றை
யாரும் வாங்கமாட்டாங்க என்று சும்மா கொடுத்தார்.
பையை அரைமணி மிதக்கவிட்டு
முடிச்சை அவிழ்த்தாள் அமலா.
நான்கும் செடிக்குள் ஓடி ஒளிந்தன.
கறுப்பு மட்டும் நடுவில் நின்றது.
இடமாகப் போய்ப் பார்த்தது,
வலமாகப் போய்ப் பார்த்தது,
ஃபில்டருக்குப் பின்னால் மூக்கை நுழைத்தது,
நத்தையருகே வந்து வெகுநேரம் நின்றது.
போலீஸ் என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.
நம்பாமல்
திரும்பிப் போனது.