தொங்கட்டும்

க்ல்தானியில் லிஃப்ட் ஏறக் காசு போட வேண்டும்.
இருபது தெத்ரி நாணயம் ஒன்றை விழுங்கிவிட்டு
முனகியபடி என்னை எட்டாம் மாடிக்குத் தூக்கியது.
கதவைத் திறந்த லமாரா
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
"எலெக்ட்ரீஷியன் எங்கே?"
"இதோ, நான்தான்."

கையை விரித்தால் இரு சுவரும் தட்டும் சமையலறை.
நடுவில், இன்னும் அட்டைப்பெட்டிக்குள்,
பதினெட்டு மாதத் தவணையில் வாங்கிய
பாத்திரம் கழுவும் மெஷின்.
மேலே ஒரு பூனை,
முழுத் தொகையும் தானே கட்டியதுபோல.

பைப்புக்காரன் அவ்தாந்தில் எனக்கு முன்பே வந்திருந்தான்.
சிங்க்குக்கு அடியில் தலை, வெளியே கால்கள்.
"பிளக் பாயிண்டை இங்கேயே வை, வால்வுக்குப் பக்கத்தில்.
ஒரே ஓட்டை. ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்."
குனிந்து விரல் வைத்துப் பார்த்தேன்.
அவன் இறுக்கிய நட்டுக்குக் கீழே
ஒரு துளி உட்கார்ந்திருந்தது,
விழலாமா வேண்டாமா என்று.

இங்கே இல்லை, என்றேன்.
மெஷினின் முதுகுக்குப் பின்னாலும் இல்லை.
நாளைக்கு ஒன்று என்றால்
நாற்பது கிலோவை இழுத்துப் போட்டுவிட்டா
கரண்டை நிறுத்துவது?
பக்கத்து அலமாரியில். கை எட்டும் இடத்தில்.
மெயின் பெட்டியில் தனி சுவிட்ச்,
கொஞ்சம் கசிந்தாலே தானாய் விழுந்துவிடுவது.

பக்கத்து அலமாரியில் இருபத்திமூன்று பாட்டில்,
புளிப்பு பிளம் சாஸ்.
எல்லாவற்றிலும் பிளாஸ்டர் ஒட்டி ஆண்டு எழுதியிருந்தது.
நான் தடுப்புப் பலகையைத் துளைத்து முடிக்கும்வரை
லமாரா அவற்றை மடியிலும் காலருகிலும் வைத்துக்கொண்டு
என்னையே பார்த்திருந்தாள்.

கடைசியாக ஒயர்.
ஓட்டையிலிருந்து பிளக்குக்கு நேராக இழுக்கவில்லை.
பிளக்கைத் தாண்டி ஒரு சாண் கீழே இறங்கி
வளைந்து, திரும்ப மேலேறும்படி விட்டேன்.
தண்ணீருக்குக் கண் கிடையாது,
தொட்டதைப் பிடித்துக்கொண்டு நடக்கும்.
ஒயரைப் பிடித்தால் ஒயர் போகும் ஊருக்கு.
வழியில் ஒரு தொய்வு இருந்தால்
அங்கே நின்று, கனத்து, விழுந்துவிடும்.
இதற்குமேல் எனக்குச் சாஸ்திரம் தெரியாது.

"அசிங்கமாய்த் தொங்குகிறதே."
"தொங்கட்டும்."

நவம்பரில் கூப்பிட்டாள்.
நீ போட்ட சுவிட்ச் மட்டம், சும்மா சும்மா விழுகிறது.
மறுபடி லிஃப்ட், மறுபடி நாணயம்.

அலமாரிக்குள் ஒயர் விறைப்பாய், நேராய்,
பார்க்க அழகாய் இருந்தது.
மிச்சத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.
அவ்தாந்திலின் துளி
மூன்று மாதம் யோசித்து முடிவுக்கு வந்திருந்தது.
ஓட்டை வழியே நுழைந்து, ஒயர்மேல் சறுக்கி,
பிளக்கின் வாசல்வரை.
பித்தளைக் காலில் பச்சைக் களிம்பு.

"எத்தனை முறை விழுந்தது?"
"நாலு."
"நாலு முறையும் நீயே போட்டாயா?"
"ஆமாம்."
அவள் காலைப் பார்த்தேன். வெறுங்கால்.
அவளும் குனிந்து பார்த்தாள்,
யாருடையதோ போல.

நட்டு என் வேலையில்லை, ஆனாலும் இறுக்கினேன்.
புது பாயிண்ட் மாட்டினேன். தொய்வு விட்டேன்.
சுத்தமாய் இருக்கட்டும் என்றுதான், என்று தொடங்கி
பாதியில் விட்டுவிட்டாள்.
பிறகு பிளாஸ்டர் கிழித்து, பேனா தேடி,
ஒயரின் வளைவில் ஒட்டினாள்:
தொங்கட்டும்.
அதன் கீழே, பழக்கத்தில், ஆண்டு.

இறங்குவதற்கு லிஃப்டில் காசு கிடையாது.
தண்ணீருக்கும் அப்படித்தான்.