ஸோப்ஸ்

பதினைந்து யூரோ.
கூடவே ஒரு பை நிறையக் கம்பிகள், கேட்காமலே.
லியெபாயாவில் பல் மருத்துவமனை ஒன்று
இழுத்து மூடப்பட்ட வாரம்,
டிராம் வேலை முடிந்து சீருடையோடு போய்
இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தேன்.
படியில் எதிர்ப்பட்ட வில்னிஸ்
“இதில் இன்னும் உயிர் இருக்கிறதா?” என்றான்.
“மின்விசிறிக்கு இருக்கிறது” என்றேன்.

மூடியைக் கழற்றினால்
பன்னிரண்டு வருடத் தூசி
கம்பளித் துண்டாக உரிந்து வந்தது.
அதில் பல்பொடி எவ்வளவு, யாருடைய பல்
என்று நினைக்காமலிருக்க ஜன்னலைத் திறந்தேன்.
கடல்காற்று பாதியை முகத்துக்கே திருப்பிக் கொடுத்தது.

நினைவகம் நான்கு ஜிபி. போதும்.
எங்கள் பாடகர் குழுவின் பதினாறு வருட ஒத்திகைகள்
என்னிடம் இருக்கின்றன.
மேடையில் பாடியதை எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.
தவறிப் பாடியதை நான் ஒருத்திதான்:
ஆல்டோ வரிசை மொத்தமாய்ச் சுருதி இறங்கியது,
இல்க்வார்ஸ் சரியாக மௌனத்தில் இருமியது,
நடத்துநர் குச்சியை எறிந்தது,
அது பியானோவுக்கு அடியில் உருண்டு போனது.

லினக்ஸ் ஏறியது.
வெள்ளை எழுத்துகள் மளமளவென்று இறங்கி
நின்றன.
ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது,
எங்கே போகணும் சொல் என்று.
தினமும் வண்டி ஓட்டுகிறவள் நான்.
இங்கே பயணி.

பழைய வட்டில் பற்கள் இருந்தன.
ஆயிரத்துச் சொச்சம் தாடைகள்,
பெயரோடு, பிறந்த தேதியோடு.
ஒன்றைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.
கடைவாய்ப் பல் ஒன்று படுத்தபடியே முளைத்து
பக்கத்துப் பல்லின் மேல் தலை சாய்த்திருந்தது.
அதோடு நிறுத்தினேன் என்று சொல்ல ஆசை.
மூன்று திறந்தேன்.
மூன்றாவது தாடைக்காரரை
காலை ஏழு பத்துக்கு நான்தான் ஏற்றிக்கொள்கிறேன்.
சிரிக்கவே மாட்டார்.
இப்போது எனக்குக் காரணம் தெரியும்.
தெரிந்திருக்கக் கூடாது.

முதல் பைட்டிலிருந்து கடைசி வரை
சுழியத்தால் நிரப்பு.
கட்டளையைத் தட்டினேன். வட்டு ‘பி’.
என்டரின் மேல் விரல்.

ஏன் நின்றேனோ.
சிக்னல் விழுந்த பிறகும்
தண்டவாளம் எந்தப் பக்கம் பிரிந்து கிடக்கிறதென்று
ஒருமுறை எட்டிப் பார்க்கிற வேலைப்புத்தி.
வட்டுகளின் தொடரெண்ணைக் கேட்டேன்.
மதியம் அணைத்துத் திரும்பப் போட்டபோது
இயந்திரம் பெயர்களை மாற்றி வைத்திருந்தது.
‘ஏ’யில் பற்கள்.
‘பி’யில் நாங்கள்.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.
வந்து ஒவ்வோர் எழுத்தாய் அழித்தேன்.
அன்றைக்கு மேற்கொண்டு ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள், எண்ணெழுதிய பிளாஸ்திரியை
இரண்டு வட்டின் முதுகிலும் ஒட்டிய பிறகுதான்.
ஒன்பது மணிநேரம் பிடித்தது
அத்தனை வாய்களையும் மூட.
பிறகு அந்த இடத்தில்
எங்கள் குரல்களின் இரண்டாம் பிரதி.

பெயர் வை என்றது இயந்திரம்.
‘ஸோப்ஸ்’ என்று கொடுத்தேன்.
லாத்வியர்கள் நாங்கள் பல்லை அப்படித்தான் சொல்வோம்.

அதற்கப்புறமும் இரண்டு மாலைகள்
அனுமதி மறுக்கப்பட்டது, அனுமதி மறுக்கப்பட்டது.
என் கோப்பு, என் இயந்திரம், என் வீட்டுச் சரக்கறை,
நான் யார் என்கிறது!
வீட்டில் குளிர்ந்த இடம் அதுதான்,
ஊறுகாய் வெள்ளரி ஜாடிகளுக்குக் கீழ்த் தட்டு.
மின்விசிறி ஓடினால் ஜாடிகள் மெல்ல நடுங்கும்.

வெள்ளிக்கிழமை மிர்ட்ஸா கூப்பிட்டாள்.
கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்,
ஏதோ ஒரு மார்ச் மாத ஒத்திகை.
“இரண்டாம் சரணத்தில் கீழே போகிறதே ஒரு குரல்,
அது நானா?”
“நீதான்.”
“அழித்துவிடு.”
“அழித்தால் இரண்டு வட்டிலும் போய்விடும்.
எங்கேயும் இருக்காது.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவள் வீட்டுக் கெண்டி கொதிப்பது கேட்டது.

“இரு” என்றாள்.
“இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.”

சரக்கறையில் ஜாடிகள் நடுங்கத் தொடங்கின.