விட்ட தையல்

பனியன் கம்பெனியில் ஒன்பது வருசமாய்
செக்கிங் டேபிள் எனக்கு.
பிசிறு, எண்ணெய்க் கறை, விட்ட தையல்:
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டி
அக்கட்டத் தள்ளுவேன்.
எந்த டெய்லர் அடித்தது என்று நம்பர் பார்ப்பதில்லை.
"நீங்க மூஞ்சி பாக்க மாட்டீங்கக்கா"
என்றுதான் நடுவராகக் கூப்பிட்டார்கள்.

ஞாயிறு ராத்திரி, காங்கயம் ரோடு.
மெஷின்களுக்கு பிளாஸ்டிக் போர்த்தியாயிற்று.
கட்டிங் டேபிள்தான் மேடை,
துணி ரோல்கள் மேல் இருநூறு பேர்.
ஒரு பக்கம் எங்கள் ஓவர்லாக் டெய்லர் சென்னியப்பன்,
மேடைப் பேர் டபுள் நீடில்.
எதிரே லிப்சா. ஒடிசாவில் பிறந்து
மூன்று வயதில் இங்கே ரயிலில் வந்து இறங்கியவள்.
அவள் வாயைத் திறந்தால்
"எந்த ஊருங் அம்மணி, சேவூரா?" என்பார்கள்.

பீட் விழுந்தது. அவன்:
"ஏனுங் அம்மணி, தமிழ் உனக்கு வாடகை ஊடு,
மாசம் பொறந்தா சாவியத் திருப்பிக் குடு."
ரோல்கள் அதிர்ந்தன.
எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை.
தையல் சுத்தம். எட்டு போட்டேன்.

அவள் பாட்டில் மூடியை நிதானமாகத் திருகினாள்.
"வாடகைதானுங்! வருசந் தவறாம வெள்ளையடிக்கறேன்.
சொந்த ஊடு உன்னுது, ஒட்டடைய நாந்தான அடிக்கறேன்."
ஒன்பது.

இரண்டாம் சுற்றில் அவன் மோனை.
'க'வில் ஏறினால் கரூர் வரைக்கும் இறங்க மாட்டான்.
அவளுக்கு வேகம் கம்மி,
ஒவ்வொரு சொல்லையும் பட்டன் மாதிரி
இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள்.

மூன்றாவதில் அவன் இயைபைப் பிடித்தான்:
"வாங்குன கடனுக்கு வார வட்டி,
வார்த்தைன்னு வந்தா நாங் கெட்டி,
ரயிலேறி வந்தே மூட்டை கட்டி,
உங்கப்பன் எறங்குன"

நின்றுவிட்டது.
மைக் வாயருகில், வாய் திறந்தபடி.
நாலு எண்ணிக்கை பீட் வெறுமனே ஓடியது.
மறந்துட்டான் என்று பின்னால் ஊளையிட்டார்கள்.
முன்னால் இருந்த சாயப்பட்டறைப் பையன்கள் மட்டும்
தரையைப் பார்த்தார்கள்.

அந்த வரி எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரியும்.
இரண்டு வருசம் முன்பு
சாயக் கழிவு அள்ள இறங்கிய மூன்று பேரில்
லிப்சாவின் அப்பாவும் ஒருவர்.
சொல்லாமல் விட்டானா,
எங்கள் எல்லார் வாய்க்குள்ளும் சொல்லவைத்தானா?
ஒன்று இரக்கம்.
மற்றது இந்த ராத்திரியின் ஆகக் கொடிய,
ஆகத் திறமையான அடி.
இரண்டுக்கும் என் தாளில் கட்டம் இல்லை.

அவள் பீட்டுக்குக் காத்திருக்கவில்லை.
"தொட்டி," என்றாள். "சொல்லுங்ணா. தொட்டி.
தெனமும் அதுக்குள்ள எறங்கறேன்,
ஏறித்தானுங் இங்க நிக்கறேன்."
யாரும் கத்தவில்லை.
யாருடைய போனோ கொஞ்ச நேரம் அடித்து ஓய்ந்தது.

மற்ற நடுவர்கள் ஆளுக்கொரு பக்கம்.
என் தாளில் இரண்டு முறை அழித்தேன்.
விட்ட தையல் விட்ட தையல்தான்.
ஊசி ஏன் தவறியது என்று
ஒன்பது வருசத்தில் யாரையும் கேட்டதில்லை.
அவனுக்கு ஏழு.
அவளுக்கு ஒன்பது.

டீக்கடையில் பக்கத்தில் வந்து நின்றான்.
"அந்த நாலாவது வரிக்கு எத்தனைங்கக்கா கொறச்சீங்?"
"ரெண்டு."
"செரிங்."
"மறந்துட்டியா, உட்டுட்டியா?"
பன்னை டீயில் முக்கினான்.
பாதி உடைந்து உள்ளே போயிற்று,
விரலை விட்டுத் தேடிக்கொண்டே
"காலைல ஷிப்ட்டுங்கக்கா" என்றான்.

திங்கட்கிழமை முதல் பண்டில்.
தோள்பட்டையில் ஒரு தையல் விட்டிருந்தது.
அம்பை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு
டெய்லர் நம்பரைப் படித்தேன்.