மேபெலின் நடை

என் கணவர் ரேடியோவில் நடிக்கிறார் என்றால்
அது பொய். நடக்கிறார்.

பேச ஒரு வரி கிடையாது அவருக்கு.
செவ்வாய் இரவு எட்டு மணிக்கு
டட்வெல் குடும்பத்தில் யார் நடந்தாலும்
அது யாரோமிர்.

சிகாகோவில், பதினோராம் மாடியில்,
வீடே இல்லாத ஒரு கதவு,
எந்த மாடிக்கும் போகாத மூன்று படி,
ஒரு தட்டுச் சரளைக்கல்: அதுதான் தோட்டம்.
கண்ணாடித்தாளைக் கசக்கினால்
நாடு முழுக்க முட்டை பொரியும்.
டட்வெல்லாகப் பேசுபவர் நோஞ்சான்,
முக்காலியில் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் படிக்கிறார்.
படியேறி மூச்சு வாங்குவது என் வீட்டுக்காரர்.

சிசரோவில் எங்கள் சமையலறையில்
உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்பேன்.
பால்காரனின் பாக்கிக்குப் பயந்து
டட்வெல் கோட்டும் தொப்பியுமாய்க்
குளியல் தொட்டியில் படுத்திருப்பார்;
மாமியார் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வந்து
குழாயைத் திறப்பாள்.
சிரிப்பேன். சிரிக்காமல் முடியுமா?

நவம்பரில் ஒரு செவ்வாய்
மேபெல் அடுப்படிக்குப் போனாள்.
டக், டக், டக்கி.
டக், டக், டக்கி.

இடது குதிகாலில் ஆணி தளர்ந்தால் வரும் சத்தம்.
அந்த ஆணி தளர்ந்த நேரம் எனக்குத் தெரியும்:
முப்பத்தொன்று, ஜூன், போல்கா ஆட்டத்தின் நடுவில்
மாப்பிள்ளை என் காலை மிதித்தபோது.

அலமாரியைத் திறந்தேன். பெட்டி இருந்தது.
பெட்டிக்குள் காகிதம் இருந்தது.
காகிதத்துக்குள் காகிதம்.

"நாற்பது ஜோடி பார்த்தோம்," என்றார்.
"உன் கல்யாண ஷூவில்தான்
ஒரு மனைவி நடக்கிற மாதிரி இருக்கிறது."

இது புகழ்ச்சியா என்று இரண்டு நாள் யோசித்தேன்.
மூன்றாம் நாள் கோபம் வந்தது.
பத்து வருஷம் நான் போடாமல் பொத்தி வைத்ததைக்
கையில் மாட்டிக்கொண்டு
ஒருத்தியை உலாத்த விடுகிறார்.
அவளுக்குக் காலே கிடையாது!

அடுத்த செவ்வாய், ஒத்திகை முடிந்து
சாப்பிட வந்தவர் பையைக் கதவோரம் வைத்தார்.
மகள் ஸ்தென்கா பின்படியில் இறங்கி ஓடினாள்.
கீழ்க்கடை ஹவ்லிச்செக்
ரப்பர் குதிகால் அடிக்க அரைமணி, முப்பது சென்ட்.
அதுவரை நான், "இன்னும் ஒரு மாவுருண்டை, இன்னும் ஒன்று."
ஐந்து தின்றார். ஆறாவதில்
ரயிலை நினைத்துக் கவலைப்பட்டார்.

எட்டுப் பத்துக்கு மேபெல்
கோபித்துக்கொண்டு வெளியேற வேண்டும்.
"நான் போகிறேன், செஸ்டர்!"

ஒன்றுமில்லை.
கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை
ஒன்றுமில்லை.
பிறகு கதவு மட்டும், படீர்.

முக்காலிக்காரர் மெல்லக் கேட்டார்:
"மேபெல், உனக்கு எப்போது
சிறகு முளைத்தது?"

கூடத்தில் முந்நூறு பேர் சிரித்த சிரிப்பில்
எங்கள் ரேடியோவின் முகத்துணி அதிர்ந்தது.
கிழங்கு கருகியது.
நான் துடைத்தது கண்ணை. எதற்கென்று கேட்காதீர்கள்.

பத்தரைக்கு வந்தார். சொல் இல்லை.
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து
ஷூவைக் கைகளில் மாட்டி
மேசைமேல் நடத்தினார்.
உப்புக்குப்பியைச் சுற்றி,
ரொட்டித் துணுக்கைத் தாண்டி,
என் காபிக் கோப்பையின் முன் வந்து நின்றன.
பூனை கூட விழிக்கவில்லை.

"யாரது?" என்றேன்.
டட்வெல் மாதிரி இருமினார்.
பேச வரி கிடையாதே, அவருக்கு.

இப்போது மேபெலுக்கு அடகுக்கடை ஷூ.
ஐயோவாவிலிருந்து ஒரு சீமாட்டி எழுதியிருக்கிறாள்:
மேபெலின் நடை மாறிவிட்டதே, முழங்கால் வலியா?
வெந்நீரில் கடுகு கரைத்து
ஒத்தடம் கொடுத்துப் பார்க்கட்டும்.

நிலையத்தார் கடிதத்தை அவரிடம் கொடுத்தார்கள்.
அவர் என்னிடம் கொடுத்தார்.
கடுகு வாங்கி வைத்திருக்கிறேன்.
அந்த முழங்கால்
இந்த வீட்டில்தானே இருக்கிறது.