ஓட்டை

பாடத்தின் பெயரே அதுதான்.
தொலைபேசியில் அம்மா கேட்டாள்:
"இதற்கா கடன் வாங்கினோம்?"

நாங்கள் பதினான்கு பேர். நீள்வட்ட மேசை.
சன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரி
உறையலாமா வேண்டாமா என்று
அக்டோபர் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தது.

கணிதத் துறை ப்ரீடா ஸோரன்சன்
டோனட் பெட்டியோடு வந்தார்.
காபிக் கோப்பையும் இதுவும் ஒன்றே என்றார்;
கிழிக்காமல் ஒட்டாமல்
ஒன்றை மற்றொன்றாகப் பிசைந்துவிடலாமாம்.
சொல்லி முடிப்பதற்குள்
நிரூபணத்தில் பாதியை லிபான் தின்றுவிட்டான்.

தொல்லியல் துறை ஹாலோரன் காட்டியது
வெறும் மண்ணின் படம்.
நடுவில் வட்டமாய்க் கொஞ்சம் கறுப்பு.
வீடு போய்விடும், தூண் மக்கிவிடும்,
தூண் நின்ற குழி மட்டும்
மூவாயிரம் வருடம் பிடிவாதமாய் இருக்குமாம்.

குழி துளையாகாது என்று ப்ரீடா இடைமறித்தார்.
அந்தப் பக்கம் திறக்காத எதுவும்
கணக்கில் வெறும் பள்ளம்.

அப்போதுதான் கார்பின் வாய் திறந்தான்,
அந்தப் பருவத்தில் ஒரே ஒருமுறை.
இரும்புச் சுரங்க ஊர்க்காரன்.
"எங்கள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில்
இப்போது முந்நூறு அடிக்குக் காற்று.
அதுவும் சேராதா?"

ஹாலோரன் பேனாவை மூடினார்.
ப்ரீடா கரும்பலகையைப் பார்த்தார்.
அதில் ஒரு சட்டை வரைந்திருந்தது;
அதற்கு மூன்று துளையா நான்கா என்று
முந்தைய வகுப்பில் அடித்துக்கொண்டிருந்தோம்.

ஏழாவது வாரம் அவன் வரவில்லை.
சுரங்கத்தில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்களாம்,
மணிக்கு முப்பத்தொரு டாலர்.
அந்தக் கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை.

கடைசி வகுப்பு, டிசம்பர், உறைந்த குட்டை.
மாரிட் தன் அப்பாவின் துளைப்பானைக் கொண்டுவந்தாள்.
ஆறு அங்குலம், பதினைந்து பேரைத் தாங்கும்,
கூட்டமாக நிற்காதீர்கள் என்றாள்.
கூட்டமாகத்தான் நின்றோம்.
பனிக்கட்டி தூளாய்த் துப்பி
சட்டென்று கை நழுவியது போல் உள்ளே போனது இரும்பு.
கறுத்த தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது.

மீன் ஏதும் வரவில்லை.
தூண்டிலும் கொண்டுபோகவில்லை.

லிபான் படமெடுத்துக் கார்பினுக்கு அனுப்பினான்.
இரவு வேலை முடிந்து
விடியற்காலை நான்கு மணிக்குப் பதில்:
"சின்னது. ஆனால் சேரும்."

இறுதிக் கட்டுரையில் அதை மேற்கோளாகப் போட்டேன்.
அடிக்குறிப்பில் பெயர் எழுதினேன், தேதி எழுதினேன்.
துறை என்று கேட்ட இடத்தை
அப்படியே விட்டுவிட்டேன்.