மணல் சுத்தமாக இருந்தது, நன்றி

ரீகாவில் ஜனவரி.
நான் ரொட்டி ஆலையில் இரவு வேலை.
ஓயார்ஸ் பகலெல்லாம் டிராம் ஓட்டுகிறான்.
ஒரே கட்டில். அவன் விட்டுப்போன சூட்டில்
நான் படுக்கிறேன்.

எங்கள் பேச்சு பெரும்பாலும்
குளிர்சாதனப் பெட்டிக் கதவில்,
காந்தத்துக்கு அடியில்:
பால் தீர்ந்தது.
மின்கட்டணம் கட்டியாச்சு.
ரூடிஸ் சரியாகச் சாப்பிடவில்லை, பார்.

செவ்வாய் காலை நான் எழுதினேன்:
மணல் சுத்தமாக இருந்தது, நன்றி.
மாலையில் அதன் கீழே அவன் கையெழுத்து:
உனக்கும்.

ரூடிஸ் செம்பட்டை, இரண்டு வயது,
திரைச்சீலை ஏறும் போக்கிரி.
அன்று மணல் பெட்டிக்குள் போனான், குந்தினான்,
வெளியே வந்தான், திரும்பப் போனான்.
மலச்சிக்கல் என்று நினைத்தேன்.
அரைக் கரண்டி பூசணிக் கூழ் நீட்டினேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
மாவு வாசனையோடு தூங்கிப்போனேன்.

எழுந்தபோது அவன் குளியல் தொட்டியில்.
வெள்ளைப் பீங்கானில் குந்தி, முதுகு வளைந்து,
எதற்கோ காத்திருப்பவன் போல.
அவன் நகர்ந்த இடத்தில் ஒரு சொட்டு,
ரோஜா நிறம்.
பிறகு தன்னையே நக்கினான், நக்கினான்,
அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல.

மீனுக்கு ஒரு குரல் வைத்திருக்கிறான்,
கதவுக்கு ஒரு குரல்.
இது நான் கேட்டிராத மூன்றாவது.

தொலைபேசியில் டாக்டர் ஸைகா
என்ன சாப்பிட்டான் என்று கேட்கவில்லை.
"ஈர மணலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"
வாயைத் திறந்தேன்.
எதிரே கதவில் தொங்கியது
உனக்கும்.

ஓட்டும்போது அவன் போன் எடுப்பதில்லை.
கடைசி நிறுத்தத்தில் எடுத்தான்.
"நீதானே மாற்றினாய்?"
"நீதானே?"
அவன் பக்கம் யாரோ மணியை அடித்தார்கள்.

பனியில் டாக்ஸி மெதுவாகத்தான் போகும்.
கூடையில் அவன் கத்துவதை நிறுத்தியிருந்தான்.
நிம்மதி என்று நினைத்தேனே,
அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஸைகாவின் விரல்கள் வயிற்றில் அழுத்தி நின்றன.
"தொட்டுப் பாருங்கள்."
உள்ளே ஒரு எலுமிச்சங்காய்,
கொஞ்சமும் கனியாதது.
"பெண் பூனைக்கு அந்த வழி தெரு.
ஆணுக்குச் சந்து.
சளியும் நாலு மணல் துகளும் போதும் அடைக்க.
ஒரு நாள் விட்டால் சிறுநீரகம்,
இன்னொரு நாள் விட்டால் இதயம்.
மாலை வரை பார்க்கலாம் என்பது
இதில் கிடையாது."

மூன்று நாள் குழாய்.
பை சிவப்பிலிருந்து தேநீராகி,
தேநீரிலிருந்து வைக்கோலானது.
ஓயார்ஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு
என்னருகே பிளாஸ்டிக் நாற்காலியில்.
பகல் வெளிச்சத்தில் அவன் காதோரம்
நரைத்திருப்பதை அங்கேதான் பார்த்தேன்.

இப்போது உலர் தீனி இல்லை.
மூன்று இடத்தில் தண்ணீர்.
ரேடியேட்டர் பக்கத்துக் கிண்ணத்தில்
டிசம்பர் முழுக்கத் தண்ணீர் குறையாததை
இருவருமே கண்டிருந்தோம்.
கண்டிருந்தோம், அவ்வளவுதான்.

கதவில் புதுச் சீட்டுகள்:
காலை ஆறு, கட்டி இரண்டு, ஒன்று பெரியது.
மாலை நாலு, ஒன்று, முட்டை அளவு!
(ஆச்சரியக்குறி அவனுடையது.
எனக்கு அவன் ஆச்சரியக்குறி போட்டு
வருஷங்கள் ஆகின்றன.)

ஞாயிறு இருவரும் வீட்டில்.
மணல் சரசரக்கும்போது
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
மூச்சைப் பிடித்துக் கேட்கிறோம்.
பெட்டி விளிம்புக்கு மேலிருந்து
ரூடிஸ் எங்களைப் பார்க்கிறான்,
வெட்கம் கெட்ட இருவரை.