ஈவு

ஆற்றுப் பனி உடையும் மாதத்தில்தான் பணமும் வரும்.
ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில்,
போத்னியா வளைகுடாவின் தலைமாட்டில்
பாளம் பாளமாய் வெடித்துப் பிளக்கும் அந்த வாரத்தில்
தைமி கோர்பேலாவின் கணக்கில்
சத்தமில்லாமல் ஏறுகிறது
எழுநூற்றுப் பதினைந்து யூரோ, இருபது சென்ட்.

ஆயிரத்து இருநூறு பங்கு.
பங்குக்கு எண்பது சென்ட்.
அரசாங்கம் தன் பங்கை முன்னமே கிள்ளிக்கொள்ளும்.

முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டினாள்.
மரக்கூழ் ஆலையின் முற்றத்தில், இருபது மீட்டர் உயரத்தில்
ஒரு கண்ணாடிக் கூண்டு, காலடியில் ஹீட்டர்,
ஃபிளாஸ்கில் காப்பி.
பைன் கட்டைகளைப் பல்குச்சிபோல் பொறுக்கி அடுக்கிய கை.
ஒரு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு
சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப்
படம் காட்டினார்கள். படத்தில் ஓர் அம்பு கீழே போனது.

ஈவிரக்கமில்லாமல் மூடிவிட்டார்கள்.

இதில் பாதிதான் உண்மை.
இரக்கம் இல்லை.
ஈவு இருந்தது,
மறு வசந்தத்தில் ஐந்து சென்ட் கூடியும் இருந்தது.

விலகல் தொகையில் வெய்யோ ஒரு படகு வாங்கினான்.
தைமி, தன்னை அனுப்பிவைத்த கம்பெனியையே வாங்கினாள்,
பதினாறு யூரோ வீதம்.
"வெட்கமாயில்லை?" என்றான் வெய்யோ,
கடை வரிசையில், எல்லார் காதிலும் விழ.
"என்னைத் தின்ற வாய்.
அதில் நான் ஒரு பல்லாய் இருந்துவிட்டுப் போகிறேன்."

அதோடு பேச்சு நின்றது.

பிறகு விலை இறங்கியது. பதிமூன்று. பத்து. எட்டு.
வங்கிப் பையன், நீல ஸ்வெட்டர்,
திரையை அவள் பக்கம் திருப்பினான்:
"ஐந்து விழுக்காடு பத்தாகிவிட்டது, பாருங்கள்!"
பார்த்தாள்.
ஒரு சென்ட்கூடக் கூடவில்லை.
தரை கீழே இறங்கியதில்
மரம் வளர்ந்தாற்போல் தெரிந்தது, அவ்வளவுதான்.

(அவள் மொழியில் இந்த வேடிக்கை கிடையாது.
விழுக்காடு என்ற என் சொல்லுக்குள்
விழுவது முதலிலேயே உட்கார்ந்திருக்கிறது.)

"மாதாமாதம் ஈவு தரும் நிதியமும் உண்டு" என்றான் பையன்.
"எங்கிருந்து தருவார்கள்?"
"சில மாதம்... முதலிலிருந்தே."
"என் விறகை எனக்கே எண்ணிக் கொடுப்பார்கள்" என்று
கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மார்ச்சில் இரவு ரயிலேறி ஹெல்சிங்கி போனாள்.
பங்குதாரர் கூட்டம். ஏலக்காய் பன், காப்பி,
இலவசம், அதாவது அவள் காசு.
தெற்கே இன்னொரு ஆலை, நானூற்று முப்பது பேர்;
அதை மூடினால் ஈவு காக்கப்படும் என்றார் தலைவர்.
காக்கப்படும் என்பதை
குழந்தை தூங்கும் அறையில் பேசுவதுபோல் சொன்னார்.

ஈவுத் தீர்மானத்துக்கு வாக்கு.
உள்ளங்கைக் கருவியில் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.
நெம்புகோல் பிடித்துக் காய்த்த கட்டைவிரல்
எதன்மேல் இறங்கியது என்று
யாரிடமும் அவள் சொன்னதில்லை.
கோடி வாக்கில் என் ஆயிரத்து இருநூறு,
எதை அழுத்தியிருந்தாலும் முடிவு அதேதான், என்பாள்.
அது கணக்கு.
நான் கேட்டது அதையல்ல.

ஏப்ரல் வந்தது. பணமும்.
கடைவாயில் இரண்டு பல் போயிருந்தது;
பாலம் கட்ட மருத்துவருக்கு அறுநூற்று நாற்பது.
வகுத்தலில் மேலே எழுதுவது ஈவு என்று பள்ளியில் படித்தோம்.
கீழே தங்கியது
எழுபத்தைந்து யூரோ, இருபது சென்ட்.
அதில் எஞ்சின் ஆயில், இரண்டு ஸ்பார்க் பிளக்,
நல்லதாய் ஒரு நைலான் கயிறு.
வெய்யோவின் வாசலில் வைத்துவிட்டு
மணியடிக்காமல் திரும்பினாள்.

ஆறு திறந்த மூன்றாம் நாள்
அவள் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கியது.
செய்தித்தாளில் சுற்றிய வெண்மீன்,
ஈரத்தில் எண்கள் ஊறிக் கலைந்த பங்குவிலைப் பக்கம்.

முள் எடுக்கவில்லை.
புதுப் பல்லுக்கு
இன்னும் பழகவில்லை அவளுக்கு.